முருங்கையிலை போட்ட நன்றி

எமிலியின் மகள் நிலானி கொழும்பில் ஒரு கணக்காளர் கந்தோரில் வேலை பார்க்கிறாள். அங்கே அவளுக்கு வேலை குறைவோ, வீட்டு நினைவு கூடவோ, விடிந்தால் போதும், சொந்தக்காரர் எல்லாரும் இருக்கிற ‘எங்கட ஆக்கள்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் இன்றைக்கு உலகத்தில் என்ன நாள் என்று அறிவித்துவிடுவாள். முட்டை நாள், கைகழுவும் நாள், கழுதை நாள், சிரிப்பு நாள் என்று அவளிடம் நாளுக்குப் பஞ்சமே இல்லை.

எமிலி இவற்றையெல்லாம் லெந்து கால நோன்பு நாட்களைப் போல மதித்து அனுசரிப்பாள். முட்டை நாளில் முட்டைக் கறி. கைகழுவும் நாளில் புருசனைச் சவர்க்காரத்தோடு கிணற்றடிக்குத் துரத்துவாள். கழுதை நாளன்று கழுதைக்கு எங்கே போவது? தெருவில் நின்ற ஆட்டுக்கு வாழைப்பழத்தோல் போட்டுக் கணக்கை நேராக்கினாள். அவள் புருசன் ஜெயராஜா பயபக்தியோடு அனுசரித்தது ஒரே ஒரு நாளைத்தான். உலக உறக்க நாள். அன்றைக்கு அவரை எழுப்ப முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலானி அனுப்பியிருந்தது இது: ‘இண்டைக்கு மனைவியைப் பாராட்டுற நாள். ஆம்பிளையள் எல்லாரும் வாயைத் திறந்து ஒரு நன்றி சொல்ல வேணும். எழுதக் கூடாது, குரல்லதான் அனுப்ப வேணும். அப்பா, இது உங்களுக்குத்தான். போன வருசம் மாதிரி விரலைக் காட்டாதீங்க.’

போன வருடம் இதே நாளில் ஜெயராஜா ஒரு மஞ்சள் கட்டைவிரல் படத்தை அனுப்பியிருந்தார். முப்பது வருடம் ஆக்கிப்போட்டதற்கு ஒரு கட்டைவிரல்! கனடாவிலிருந்து அவுஸ்திரேலியா வரைக்கும் இருக்கிற சொந்தம் முழுக்க அதைப் பார்த்துச் சிரித்தது. எமிலியும் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஒரு கிழமைக்கு அவருடைய தட்டில் கருவாடு தவிர வேறொன்றும் விழவில்லை.

வாயில்லாத மனிதர் என்றால் விட்டுவிடலாம். ஜெயராஜா வாவியில் இயந்திரப் படகு ஓட்டுகிறவர். வெளிநாட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போய்க் கண்டல் மரங்களையும் கொக்குகளையும் காட்டிவிட்டு வருவார். அவர்கள் ஏறும்போது ஒரு தேங்க்யூ, இறங்கும்போது ஒரு தேங்க்யூ, கொக்கைப் பார்த்து வாய்பிளந்ததற்கும் ஒரு தேங்க்யூ. அதே வாய் வீட்டுப் படலையைத் தாண்டியதும் ‘சோறு’ என்ற ஒரு சொல்லோடு ஓய்ந்துவிடும்.

எமிலி மாலை கேட்கவில்லை, சாறி கேட்கவில்லை. தான் செய்த ஏதாவது ஒன்றைப் பார்த்து, ‘நல்லா இரிக்கி, நீதானே செஞ்ச’ என்று அந்த மனிசன் ஒருதரம் சொன்னால் அவளுக்குப் போதும். குழுவில் இருக்கிற எல்லாரும் அதைக் கேட்டால் இன்னும் போதும்.

ஆகவே அவள் தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள் மாதிரிக் கேட்டாள்.

“இஞ்சருங்க, மகள் என்னமோ அனுப்பியிரிக்காள் போல.”

“கண்டன்.”

“என்னவாம்?”

“என்னமோ நாளாம்.”

“என்ன நாள்?”

“ஞாயிற்றுக்கிழமை,” என்றார் ஜெயராஜா.

எமிலி குசினிக்குள் போனாள். முதல்நாள் அவர் கொண்டுவந்த நண்டை எடுத்துக் கழுவினாள். மிளகையும் பெருஞ்சீரகத்தையும் வறுத்து அரைத்து, தேங்காய்ப்பாலைக் கட்டியாக விட்டு, கோயிலுக்குப் போக முன்னமே கறியை ஆக்கி இறக்கினாள். இந்தக் கறியைத் தின்றும் ஒருவன் வாய் திறக்கவில்லை என்றால் அவனுக்கு நாக்கு இருக்கிறதா என்று டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

ஆராதனை முடிந்ததும் ஜெயராஜா பசிக்கிறது என்று விறுவிறென வீட்டுக்கு நடந்துவிட்டார். எமிலிக்கு மாதர் சங்கக் கூட்டம் இருந்தது. பெண்கள் கோயிலின் முன்வரிசை வாங்குகளில் கூடியிருந்து நத்தார்ப் பண்டிகை விற்பனைக்கு ஆர் என்ன பலகாரம் சுடுவது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். எமிலி போனை மடியில் நிமிர்த்தி வைத்திருந்தாள். பலகாரம் ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை.

முதலில் வந்தது அன்ரோவினுடையது. அன்ரோ, ஜெயராஜாவின் அக்கா மேர்லினுடைய புருசன். வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. சங்கீதம் பின்னணியில் ஓட, ஆரோ ஒரு பெண் குரலில் ‘என் வாழ்வின் நிலவே’ என்று தொடங்கிய ஒரு நீட்டு வாசகம். கூடவே ரோசாப்பூக்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்.

“அன்ரோட குரல் எப்ப இப்பிடி மாறினது?” என்று கேட்டாள் சங்கத்துத் தலைவி டொறத்தி அக்கா.

பெண்கள் சிரித்து அடங்குமுன் போன் மறுபடியும் அதிர்ந்தது. ஜெயராஜா. குரல்தான்!

“என்னகா எமிலி, உன்ட மனிசனா? சத்தமாப் போடு, நாங்களும் கேப்பம்.”

“அதெல்லாம் வேணாம்கா, வெக்கம்,” என்று சொல்லிக்கொண்டே எமிலி சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினாள்.

முதலில் தொண்டையைச் செருமுகிற ஒலி. பிறகு, “ஹலோ… ஹலோ… இது பிடிக்குதா? ஆ. எமிலி, நான் ஜெயராஜா கதைக்கிறன்.”

வாங்குகள் குலுங்கின. எமிலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வந்து… இண்டைக்கு நீ ஆக்கி வச்ச நண்டுக் கறி இரிக்கே. உன்ட கையால இப்பிடி ஒரு நண்டுக் கறி நான் இவ்வளவு காலத்தில சாப்பிட்டதே இல்ல. சத்தியமா. அதுவும் அந்த முருங்கையிலை! என்ன வாசம்! எங்கட அம்மாட கை மாதிரியே இரிக்கி. அதுக்கு… தேங்க்யூ. தேங்க்யூ வெரி மச். ப்ளீஸ் கம் எகெய்ன்.”

பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி கண்ணைக்கூடத் துடைத்தாள். எமிலியின் முகத்தில் ஒரு சிரிப்பு மலர்ந்து, பாதியில் அப்படியே நின்றுவிட்டது.

“எமிலி,” என்றாள் டொறத்தி அக்கா மெதுவாக, “நீ நண்டுக்கு முருங்கையிலை போடுறல்லையே?”

போடுகிறதில்லை. எமிலி போடமாட்டாள் என்பது அந்தக் கோயில் முழுவதற்கும் தெரியும். நண்டுக்கு முருங்கையிலை போடவேண்டுமா என்பதில் அவளுக்கும் மேர்லின் மச்சாளுக்கும் வருடக்கணக்காக வழக்கு. ‘முருங்கையிலை ஆட்டுக்குப் போடுற குழை’ என்று போன வருட விற்பனையில் எல்லார் முன்னிலையிலும் அடித்துச் சொன்னவள் அவள்.

அதற்குள் அடுத்த குரல் வந்து விழுந்தது. மேர்லின் மச்சாள். சத்தத்தைக் குறைக்க எமிலிக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

“தம்பி, அது நான் ஆக்கின கறிடா. எண்டாலும் சந்தோசம், நல்லா இரி.”

அதன் பின்னால் கனடாவும் அவுஸ்திரேலியாவும் சிரிப்பு முகங்களாகக் கொட்டத் தொடங்கின. எமிலி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “எனக்குப் பயத்தம் பணியாரம் எண்டு எழுதுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு, வாவிக்கரைத் தெருவில் வெயிலைக்கூடப் பொருட்படுத்தாமல் நடந்தாள்.

வீட்டு விறாந்தையில் ஜெயராஜா கதிரையில் சாய்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். பெரிய பாரத்தை இறக்கிவைத்த மனிதரின் முகம். குரலை அனுப்பியபிறகு அவர் போனைப் பார்க்கவேயில்லை.

“கேட்டியா?” என்றார்.

எமிலி நேரே குசினிக்குள் போனாள். அவளுடைய அலுமினியத் தாச்சி மூடியபடி அடுப்பில் இருந்தது, உள்ளே ஒரு நண்டுக்கால்கூடக் குறையாமல். மேசையில் இருந்தது வாய் உடைந்த கறுத்த மண்சட்டி. அடியில் முருங்கையிலை ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

“இது ஆர்ட சட்டி?”

“உன்ட சட்டி. வாய் உடைஞ்ச சட்டி. நான் நல்லாப் பாத்துத்தான் எடுத்தன்.”

“சட்டி என்ட. கறி ஆர்ட?”

நடந்தது இதுதான். வியாழக்கிழமை எமிலி அந்தச் சட்டியில் மீன்கறி போட்டு மச்சாளுக்குக் கொடுத்திருந்தாள். வந்த சட்டியை வெறும் சட்டியாகத் திருப்பி அனுப்புகிற பழக்கம் அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் இல்லை. சனிக்கிழமை நண்டில் பாதி அக்கா வீட்டுக்கும் போயிருந்ததால், மேர்லின் மச்சாள் தன் நண்டுக்கறியை அதே சட்டியில் நிரப்பி, இவர்கள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். முழங்கால் வலி என்று அன்றைக்கு அவள் கோயிலுக்கு வரவில்லை.

விசயம் விளங்கியதும் ஜெயராஜா எழுந்து நின்றார். “அட கடவுளே! சட்டி உன்ட எண்டா கறியும் உன்ட எண்டுதானே மனிசன் நினைப்பான்?”

“என்ட கறிய ஒரு நாளாச்சும் கவனிச்சுத் திண்ட மனிசன் நினைக்க மாட்டான்!”

வேலிக்கு மேலாக மேர்லின் மச்சாளின் தலை தெரிந்தது. “எமிலி, கோவமா புள்ள?”

“எனக்கென்ன கோவம் மச்சாள்? உங்கட கறி உங்கட அம்மாட கை மாதிரி இரிக்காம். சந்தோசம்தானே.”

“அதுக்கு நான் என்ன செய்ய? என்ட மனிசன் அனுப்பினத நீ கேட்டியா? அதுக்கு மேல ‘பல தடவை அனுப்பப்பட்டது’ எண்டு கிடக்கு. என்னைப் பாராட்டுறதெண்டு உலகத்தில எத்தின பொம்பிளையளப் பாராட்டினாரோ! எனக்கெண்டு கிடைச்சது உன்ட புருசன் பிழையாச் சொன்னதுதான். அதையும் திருப்பித் தரட்டா?”

எமிலிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இன்றைக்குச் சிரித்தால் வழக்கு தோற்றுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஜெயராஜா ஒரு வழி கண்டுபிடித்தார். “சரி, இப்ப உன்ட கறியையும் போடு. திண்டுட்டு அதுக்கும் ஒண்டு சொல்லி அனுப்புறன்.” போனையும் எடுத்துக்கொண்டார்.

“வைங்க அத! கேட்டு வாங்கிற நன்றி எனக்கு வேணாம். நான் ஒண்டு கேக்கிறன். இந்த வீட்டில நான் செய்யிற வேலையில ஒண்டையாச்சும் நீங்க கண்டிரிக்கிங்களா? கறிய விடுங்க. வேற ஒண்டு சொல்லுங்க. ஒண்டே ஒண்டு.”

ஜெயராஜா முகட்டைப் பார்த்தார். முற்றத்துக் கோழியைப் பார்த்தார். வேலிக்கு மேலால் நின்ற அக்காவைப் பார்த்தார். அவள் ஒரு உதவியும் செய்யவில்லை. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு காத்திருந்தாள். கேட்டிருக்கவே கூடாது என்று எமிலிக்கு அந்தக் கணத்தில் தோன்றியது. இவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்? போன வருடக் கட்டைவிரல் அதைவிட மேல் அல்லவா?

“பழைய எஞ்சின வித்துப்போட்டுப் புதுசு போட்டன்தானே,” என்றார் அவர் எரிச்சலோடு.

“இப்ப என்னத்துக்கு எஞ்சின்?”

“கேளு புள்ள! பழைய எஞ்சின் இரிக்கக்குள்ள நான் படகக் கட்டிப்போட்டு வீட்ட வந்தா, தேத்தண்ணி ஆவி பறந்துகொண்டு இரிக்கும். எத்தின மணிக்கு வந்தாலும். நான் நினைச்சன், தேத்தண்ணி எண்டா அப்பிடித்தான் இரிக்கும் எண்டு. புது எஞ்சின் போட்ட பிறகு ஒரு கிழமையா, வந்து பாத்தா அடுப்பே மூட்டல்ல. என்னைக் கண்ட பிறகுதான் நீ கேத்தலத் தூக்கிக்கொண்டு ஓடுற. நானும் கத்தினன்.”

“கத்தினீங்க. மறக்கல்ல.”

“மறுகா ஒரு நாள் வாறன், பழையபடி ஆவி பறக்குது. அண்டைக்குத்தான் யோசிச்சன். வாவியில எத்தின எஞ்சின் ஓடுது. அவ்வளவுக்குள்ளயும் நான் பாலத்தடியில வரக்குள்ளயே என்ட எஞ்சின்ட சத்தத்தப் பிடிச்சு நீ கேத்தல வைக்கிற. புதுசுட சத்தத்தையும் ஒரு கிழமையில பழகிட்ட. எனக்கே அந்த எஞ்சின்ட சத்தம் பிடிபட ஒரு மாசம் எடுத்திச்சு!”

எமிலி சட்டியைக் கீழே வைத்தாள். அரிசி களைந்துகொண்டோ, துணி காயப்போட்டுக்கொண்டோ இருக்கும்போது காது தன்பாட்டில் வாவிப்பக்கம் போகும். கை தன்பாட்டில் கேத்தலைத் தேடும். அதை ஒரு வேலை என்று அவளே எண்ணியதில்லை. இந்த மனிசன் எண்ணியிருக்கிறார்.

“ஏன் அண்டைக்கே சொல்லல்ல?” என்றாள்.

“சொல்லி, மறுகா நீ வெக்கத்தில காது குடுக்காம விட்டிட்டா? ஆறின தேத்தண்ணிய ஆர் குடிக்கிற?”

வேலிக்கு அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எமிலிக்கு உடனே நினைவு வந்தது. போன்! இந்தப் பேச்சைக் கனடா கேட்கவில்லையே, டொறத்தி அக்கா கேட்கவில்லையே! பாய்ந்து அவர் கையிலிருந்த போனைப் பறித்து, அவர் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

“இஞ்சருங்க, இதத் திரும்ப ஒருக்காச் சொல்லுங்க. அப்பிடியே சொல்லுங்க.”

போனைக் கண்டதும் ஜெயராஜாவின் முதுகு நிமிர்ந்தது. தொண்டையைச் செருமினார்.

“ஹலோ. எமிலி. நான் ஜெயராஜா கதைக்கிறன். வந்து… எஞ்சின்… புது எஞ்சின். நல்ல எஞ்சின். சத்தம் நல்லாக் கேக்குது. தேங்க்யூ.”

எமிலி அழுத்தியிருந்த விரலை எடுத்தாள். அது குழுவுக்குப் போய்விட்டது.

பதில்கள் வரத் தொடங்கின. அவுஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், ‘மாமா எஞ்சின் விக்கிறாரா? எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள் தேடுறார்’ என்று கேட்டிருந்தார். இன்னொருவர் கட்டைவிரல் போட்டார். நிலானி, ‘அம்மா, அப்பா என்ன சொல்றார்? எனக்கு ஒண்டும் விளங்கல்ல’ என்று எழுதினாள்.

“நான் சொல்லி விளங்கப்படுத்தட்டா?” என்றாள் மேர்லின் மச்சாள், கண்ணைத் துடைத்தபடி. “முழுக்கக் கேட்டுக்கொண்டுதானே நிண்டன். ஒரு எழுத்து விடாமச் சொல்லுவன்.”

எமிலி ஒரு கணம் யோசித்தாள். மச்சாள் சொன்னால் உலகம் முழுக்கத் தெரிந்துவிடும்; காலையில் அவள் ஆசைப்பட்டதும் அதுதான்.

“வேணாம் மச்சாள்,” என்றாள். “இரிக்கட்டும்.”

பிறகு மகளுக்கு ஒற்றை விரலால் தட்டினாள்: ‘எனக்கு விளங்கிச்சு மகள்.’

வேலிக்கு அந்தப் பக்கத்தில் மேர்லின் மச்சாள் திரும்பி நடந்தாள். அவள் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. “இஞ்ச வாங்க அன்ரோ, எழும்புங்க! நான் என்ன செய்யிறன் எண்டு நீங்க எதையாச்சும் கண்டிரிக்கிங்களா? சொல்லுங்க பாப்பம். போனக் கீழ வச்சிட்டுச் சொல்லுங்க!”

இந்தப் பக்கத்தில் எமிலி தன் தாச்சியைத் திறந்து, வெள்ளைச் சோற்றின் மேல் பெரிய நண்டாகப் பார்த்து வைத்துப் புருசன் முன்னால் நீட்டினாள். ஒரு வயிறு நண்டு ஏற்கெனவே உள்ளே போயிருந்தும் ஜெயராஜா மறுக்கத் துணியவில்லை. காலை உடைத்தார், உறிஞ்சினார், கண்ணை மூடினார். இம்முறை மிகக் கவனமாகச் சாப்பிட்டார்.

“எப்பிடி?” என்றாள் எமிலி.

“உப்புக் கொஞ்சம் காணாது.”

எமிலி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே உப்புப் போத்தலை எடுக்கப் போனாள்.