நிறுத்தக் கூடாத பத்து நிமிஷம்

என் மருமகள் நாளைக் காலையில் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறாள். ஆறு மணி நேர ஓட்டம். போகும் முன் தன் காருக்குப் பிரேக் பேட் மாற்றியே ஆகவேண்டும் என்று இன்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வாசலில் பழைய போர்வையை விரித்து, ஸ்பேனர்களை வரிசையாக அடுக்கிவிட்டாள். ஒர்க்‌ஷாப்பில் விட்டுத் தொலையேன் என்றேன்.

"என் வண்டிய நான் தொடுற மாதிரி அவங்க தொட மாட்டாங்க அத்தை" என்றாள். அதற்கு மேல் இவளிடம் என்ன பேசுவது? உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

மருமகள் என்று சொன்னால் தெருவில் சிலர் என்னைத் திருத்துகிறார்கள். முன்னாள் மருமகள் என்று சொல்ல வேண்டுமாம். என் மகன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவளை விட்டுப் போய், இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, மாதம் ஒரு தடவை போனில் "சாப்டியாம்மா?" என்று கேட்டு வைக்கிறான். கோர்ட்டு பிரித்தது அவர்கள் இரண்டு பேரை. எனக்கும் இவளுக்கும் எந்த ஜட்ஜும் தீர்ப்பு எழுதவில்லை. வேறு வீடு கிடைக்கும்வரை இருக்கிறேன் என்றாள். வீடு கிடைத்ததா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது வேலையும் கிடைத்துவிட்டது, வீடும் கிடைத்துவிட்டது. பல் ஆஸ்பத்திரியில் செயற்கைப் பல் செய்கிற பிரிவுக்கே இவள்தான் தலைமை. என்னிடம் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் நானே பெருமையாகச் சொன்னேன். ஆனால் மூன்று வாரமாக அவள் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தைக்குக் காத்துக் கிடந்தேன். 'நீங்களும் வாங்க அத்தை.' அவ்வளவுதான். அவள் பெட்டி கட்டினாள், டப்பாக்களின் மேல் பெயர் எழுதி ஒட்டினாள், என் மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்து வைத்தாள். அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. நானாகக் கேட்பதா? பசி வயிற்றைக் கிள்ளினாலும் இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்காதவள் நான்.

அந்தக் காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். ஏறிவிட்டால் இறங்குவதற்கு ஓர் ஆள் கைகொடுக்க வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் நூறைத் தொட்டுவிடும் என்பாள். எனக்குக் கண்ணை மூடுகிற வரைக்கும்தான் தெரியும்.

ஜாக்கி வைத்துத் தூக்கினாள். "ஜாக்கிய மட்டும் நம்பி வேல செய்யக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே கீழே இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தினாள். முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றியதும் பெரிய தட்டு போல டிஸ்க் தெரிந்தது. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பவைதான் பேட். குறுக்கே இருந்த ஊசிகளைத் தட்டி எடுத்து, தேய்ந்த பேடை உருவி என் கையில் வைத்தாள். நகத்தின் கனம்கூட மிச்சமில்லை.

"அடிப்பாவி! இத வச்சுக்கிட்டா போன வாரம் என்னைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனே?"

"வண்டி நின்னுச்சா இல்லையா?"

"வாயப் பாரு வாய."

"புதுசு தடிமனா இருக்கும் அத்தை. அதுக்கு எடம் வேணும். அதனால பேட அழுத்தற இந்த உருளைங்கள உள்ள தள்ளணும். தள்ளுனா பின்னாடி இருக்கற பிரேக் ஆயில் மேல டப்பாவுக்குத் திரும்பிப் போகும்." அவள் ஒரு கருவியைச் செருகித் திருகத் தொடங்கினாள். "டப்பா மூடியத் தளர்த்தி வச்சிருக்கேன். பேட் தேயத் தேய ஆயில் தானா கீழ எறங்கிடும். இப்ப அதுல நெறைய எடம் இருக்கும்."

நிறைய இடம் இருக்காது. இருக்காது என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லலாமா வேண்டாமா என்று நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு பக்கத்தை முடித்து மறுபக்கத்துக்கும் போய்விட்டாள். வாயைத் திறந்தேன்.

"ஏண்டி, ஒருவேள அந்த டப்பா..."

அதற்குள் பானெட்டுக்கு அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. எட்டிப் பார்த்தவள் அலறினாள். "ஐயோ, பெயிண்ட்ட அரிச்சிடும்! தண்ணி, தண்ணி!"

முட்டிவலி எங்கே போனதோ தெரியாது. வாளியோடு ஓடி வந்தேன். இரண்டு பேரும் ஊற்றித் துடைத்து, ஊற்றித் துடைத்து, பாதி வாளித் தண்ணீர் எங்கள் மேலேயே. பெயிண்ட் தப்பியது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் திருட்டு முழி அவளுக்குத் தெரியாததா?

"யார் அத்தை இதுல ஆயில் ஊத்துனது?"

"நான்தான்."

"நீங்களா!"

"மூணு வாரம் முன்னாடி வண்டியில மஞ்ச லைட் எரிஞ்சுது. பாக்கறேன்னு சொன்ன. பாத்தியா? உனக்கு மூட்ட கட்டவே நேரம் சரியா இருந்துது. பார்ட்ஸ் கடையில போய்க் கேட்டேன், பாட்டில் குடுத்தான். நீ தூங்கறப்ப ஊத்துனேன். கழுத்து வரைக்கும் ஊத்துனேன். கொறையக் கூடாதுன்னு." குரல் உயர்ந்துகொண்டே போனது. தப்பு என் மேல் இருந்தால் நான் இன்னும் சத்தமாகத்தான் பேசுவேன். "போற வழியில பிரேக் பிடிக்காம போச்சுன்னா? உன்ன விட்டா எனக்கு யாருடி இருக்கா?"

கடைசி வாக்கியம் நான் சொல்ல நினைத்தது இல்லை. அது தானாக வந்து விழுந்துவிட்டது.

நான் உள்ளேயிருந்து எடுத்து வந்த பாட்டிலை வாங்கி, மேலே இருந்த எழுத்தைப் படித்தாள். "நல்லவேள, சரியான ஆயில்தான்" என்றாள். பெரிய ஊசிக் குழாயால் அதிகப்படியை உறிஞ்சி எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பழைய குரல் வந்தது. "இதையே நான் செஞ்சிருந்தா இந்நேரம் தெருவையே கூட்டியிருப்பீங்க. மாமியார் ஒடச்சா மண்குடம்!"

"போடி."

புதுப் பேடுகளை உட்கார வைத்தாள். சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, ஒவ்வொரு போல்ட்டையும் 'டக்'கென்று சத்தம் வரும்வரை முறுக்கினாள். பிறகு என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துப் பெடலை மிதிக்கச் சொன்னாள். ஆயில் அளவைக் கவனிக்க அவள் முன்னால் நின்றாள். முதல் மிதி பொசுக்கென்று தரைவரை போனது. நான் பதறினேன். "பயப்படாதீங்க, மிதிங்க, மிதிங்க" என்றாள். ஏழாவது எட்டாவது மிதியில் காலுக்கடியில் கெட்டியாகிவிட்டது.

வேலை இதோடு முடியவில்லை. புதுப் பேடுக்கும் டிஸ்குக்கும் பழக்கம் ஏற்படுத்த வேண்டுமாம். நான் போய்ட்டு வரேன் என்றாள். நான் பேசாமல் பக்கத்து இருக்கைக்கு மாறி பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். விடுமுறையில் காலியாகக் கிடந்த கிடங்குகளின் சாலைக்குப் போனோம். வேகத்தை எண்பது வரை ஏற்றுவது, பத்துக்கு இறங்கும்வரை பிரேக்கை அழுத்திப் பிடிப்பது, மறுபடி ஏற்றுவது. பத்துத் தடவை. என் குடல் வாய்க்கும் வயிற்றுக்குமாக நடந்தது. கடைசியில் கருகிய வாடை வந்தது.

"அது வரும். இப்ப ஆற விடணும்" என்றாள். "பத்து நிமிஷம் மெதுவா ஓட்டிட்டே இருக்கணும். நிறுத்தக் கூடாது. சூட்டோட நின்னா பேட் டிஸ்க்ல ஒட்டி அச்சு விழுந்துடும்."

எங்கள் பகுதியையே சுற்றி வந்தாள். இந்தப் பத்து நிமிஷம் போனால் வீடு, பெட்டி, விடிந்தால் பயணம். உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கக்கூட வழியில்லை. நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"என்னையும் கூட்டிட்டுப் போ."

கார் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அடுத்த தெருவுக்குத் திரும்பினாள். போச்சு, மானத்தை வாங்கிக்கொண்டாய் கிழவி என்று நினைத்தேன்.

"கீழ் வீடுதான் பாத்திருக்கேன்" என்றாள். "உங்க முட்டிக்குப் படி ஆகாது. ரெண்டு ரூம்."

"அப்புறம் ஏண்டி கேக்கல?"

"நீங்க அவரோட அம்மா. வரலன்னு சொல்ல உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கு. சொல்லிட்டீங்கன்னா என்னால தாங்க முடியாது அத்தை. கேக்காமலே போய்ட்டா, கேட்டிருந்தா வந்திருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டாவது இருப்பேன்."

"லூசு" என்றேன். "கேட்டிருந்தா வந்திருப்பேன்."

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நிறுத்தக் கூடாது, கண்ணும் தெரியவில்லை. "ரோட்டப் பாரு, ரோட்டப் பாரு" என்று அதட்டிக்கொண்டே என் முந்தானையால் அவள் கண்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துடைத்தேன். என் கண்ணைத் துடைக்கத்தான் ஆளில்லை. எங்கள் வீட்டைத் தாண்டியபோது துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பிளந்து பார்த்தாள். பார்க்கட்டும்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கிளம்பறோம்?" என்று கேட்டேன்.