மலைக்கு மாட்டிய வால்வு

மூன்றாவது துளையில்தான் மலை வாயைத் திறந்தது.

முதல் இரண்டிலும் சொட்டுச் சொட்டாக ஏதோ கசிந்ததோடு சரி. வேடிக்கை பார்க்க வந்த குயில்மலைத் தோட்டத்துச் சனங்களில் பாதிப்பேர், இதுக்கா இவ்வளவு பெரிய மெஷின் என்று சொல்லிக்கொண்டே கொழுந்து நிறுக்கப் போய்விட்டார்கள். சிவசக்தி மட்டும் நகரவில்லை. சரிவின் காலடியில் நின்ற துளைபோடும் இயந்திரம், நீண்ட இரும்புக் கம்பியை மலையின் வயிற்றுக்குள் செருகிக்கொண்டே இருந்தது. இருபது மீட்டர், முப்பது, நாற்பது. சட்டென்று அதன் சத்தம் மாறியது. கம்பியை உருவினார்கள். முதலில் செஞ்சேறு வந்தது. பிறகு பால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர். கால்மணி நேரத்தில் கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர், இரண்டு விரல் கனத்துக்கு, நிற்காமல் கொட்டியது.

மழை பெய்து ஒன்றரை மாதமாகியிருந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. சிவசக்தி கையை நீட்டினாள். விரல் மரத்துப்போகும் குளிர்.

"இது எப்ப பேஞ்ச மழை மிஸ்?"

காமிலா தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். மண்சரிவுத் தடுப்புக் குழுவின் பொறியியலாளர் அவள்தான். வயது இருபத்தேழு. வெலிமடைக்காரி.

"போன வருஷத்து மழையா இருக்கலாம். அதுக்கு முந்தின வருஷத்துதாவும் இருக்கலாம். உள்ளுக்குப் போன தண்ணிக்கு என்ன அவசரம் தங்கச்சி?"

போன வருட மழையில்தான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, ஒரு சாண் அகலத்துக்கு நிலம் வெடித்தது. இருபத்துநான்கு குடும்பங்கள் ஹல்துமுல்லைப் பள்ளிக்கூடத்தில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தன. மலையை விழவைப்பது மழை இல்லை, உள்ளே தேங்கி நிற்கும் தண்ணீர் என்று குழு கண்டுபிடித்தது. அதை வடிக்கத்தான் இந்தத் துளைகள்.

சிவசக்திக்கோ வேறொரு வெடிப்பு. உயர்தரப் பரீட்சையில், கணிதப் பிரிவில், நல்ல பெறுபேறு வந்திருந்தது. பல்கலைக்கழக விண்ணப்பம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. எந்தப் படிப்பு முதலாவது, எது இரண்டாவது என்று வரிசைப்படுத்திக் கொடுக்கவேண்டும். முதலில் வைத்ததற்கு இடம் கிடைத்துவிட்டால் அதோடு சரி, மற்றதைத் திரும்பிப் பார்க்க முடியாது. அப்பா கஜேந்திரன் முதலிடத்தை ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார்.

"கம்ப்யூட்டரு படி தாயி," என்றார் அன்று மாலையும். தேயிலை ஸ்டோரில் கொழுந்து காயவைக்கும் ட்ரையரோடு இருபது வருடம் வெந்தவர் அவர். "அத படிச்சவங்க எங்கயும் போய் பொழச்சுக்கலாம். இந்த வெடிச்ச மலைக்கடியில நாங்க படுத்தது போதும்."

"இஞ்சினியருக்குப் படிச்சா மட்டும் வேல கெடைக்காதாப்பா?"

"எந்த இஞ்சினியரு?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. விண்ணப்பக் கைநூலைப் புரட்டினால் சிவில், இயந்திரவியல், மின்னியல், இரசாயனம், புவிவளம், புடவை நெசவு என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. அம்மா லெட்சுமி எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சினியர்னா ஒரே சாதின்னுல்ல நெனச்சேன். பீடாக் கடை கணக்கா இத்தன வகையா வெச்சிருக்காங்க," என்றாள்.

மறுநாள் காலை சிவசக்தி அந்தக் கேள்வியைச் சரிவுக்கே கொண்டுபோனாள். அகப்பட்டவர் மஹ்ரூப். அளவுக்கருவிகளுக்குப் பொறுப்பானவர், வாய் மூடாதவர்.

"நானா, நீங்க என்ன இஞ்சினியரு?"

"நான் எலக்ட்ரானிக்ஸ். அதனாலதான் சேறு படாம நிக்கிறேன், பாத்தீங்களா?" என்றார் மஹ்ரூப், முழங்கால்வரை சேற்றோடு. பிறகு விரலை நீட்டி நீட்டிக் காட்டினார். "அந்த மெஷின் இருக்கே, அத உண்டாக்கினது மெக்கானிக்கல்காரன். உள்ளுக்கு வெச்ச பிளாஸ்டிக் குழாய் நாப்பது வருஷம் உக்காம கிடக்கணும், அதுக்கு ஒருத்தன் தனியாப் படிச்சிருக்கான். வெடிப்பு ஒரு நூலளவு விலகினாலும் போனுக்குச் செய்தி வரும், அது நம்ம கைவேலை. கொழும்புல ஒரு புள்ள கம்ப்யூட்டருக்குள்ள இந்த மலைய அப்படியே கட்டி வெச்சிருக்கு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவ அத விழுத்திப் பாக்கும். ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகாது."

"அப்ப மிஸ்?"

"மிஸ் சிவில். ஆனா பாலம் கட்டுற சிவில் இல்ல. மண்ணுகிட்ட வாக்குமூலம் வாங்குற சிவில்."

சிவசக்தி சரிவை நிமிர்ந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான். மேலே தேயிலை, அதற்கு மேலே சவுக்குத் தோப்பு, அதற்கும் மேலே பனி. இதன் உள்ளே ஒரு குளம் கிடக்கிறது, அதைக் கண்ணால் காணாமலே இத்தனை பேர் இத்தனை விதமாகப் படித்து வந்து தடவிப் பார்க்கிறார்கள் என்பது அவளை மயிர்க்கூச்செறிய வைத்தது.

குழு அன்றே எல்ல ஊர்ப் பக்கம் இன்னொரு சரிவுக்குப் புறப்பட்டது. வெள்ளிக்கிழமை திரும்பும். போகும்முன் மஹ்ரூப் ஒரு நாடாச் சுருளை அவள் கையில் கொடுத்தார். சரிவின் நடுவே செங்குத்தாக இறக்கியிருந்த குழாய்க்குள் நாடாவை விடவேண்டும். நுனி தண்ணீரைத் தொட்டதும் பீப் என்று கத்தும். எத்தனை மீட்டரில் கத்தியது என்று காலையும் மாலையும் எழுதி அனுப்பவேண்டும். எண் கூடினால் தண்ணீர் கீழே இறங்குகிறது, நல்லது. குறைந்தால் ஏறுகிறது.

துளை போடும்முன் ஆறு மீட்டரில் கத்திய நாடா, அன்று காலை எட்டு மீட்டர் நாற்பதில் கத்தியது. ஒரே இரவில் மலைக்குள் இருந்த குளம் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலாக இறங்கியிருந்தது.

இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

மதியம் அவள் ஒரு காரியம் செய்தாள். பத்து லீற்றர் வாளியை மூன்றாவது துளைக் குழாயின் கீழே வைத்து நேரம் பார்த்தாள். ஒன்பது விநாடியில் நிறைந்தது. அப்படியென்றால் ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறாயிரம் லீற்றர். வீட்டுக்கு நாலாயிரம். லயத்துப் பீலிக் குழாயில் காலையில் ஒரு மணிநேரம்தான் தண்ணீர் வரும். அந்த ஒரு மணிநேரத்துக்கு வாளி வரிசை, அந்த வரிசைக்குச் சண்டை. திறந்த பைப்பை மூடாமல் போன பிள்ளைக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று பாராமல் முதுகில் ஒன்று விழும். அப்படி வளர்ந்தவளுக்கு, இந்தத் தண்ணீர் ஓடைக்குள் வீணாய்ப் போவதைப் பார்க்க வயிறு எரிந்தது.

"அப்பா, ஸ்டோர்ல பழைய வால்வு ஒண்ணு கெடக்குன்னீங்கல்ல?"

கஜேந்திரன் பித்தளை வால்வோடு வந்தார். மாட்டினார்கள். லயமே குடங்களோடு வந்து பிடித்தது. பிடித்து முடிந்ததும் சிவசக்தி, பொறுப்பான பிள்ளையாக, வால்வை இறுக்க மூடினாள்.

"கணிதம் படிச்ச புள்ளன்னா புள்ளதான்," என்று அடுத்த காம்பிரா அறைக் கிழவர் இராமையா சொன்னபோது அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

அன்று மாலை நாடா ஏழு தொண்ணூறில் கத்தியது. தான் சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை காலை ஆறு எண்பது. அனுப்பிய இரண்டாவது நிமிடத்தில் காமிலா அழைத்தாள். குரலில் சிரிப்பு இல்லை.

"அங்க ராத்திரி மழையா?"

"இல்லைங்க மிஸ். வெயிலு கொளுத்துது."

"மழையில்லாம தண்ணி எப்பிடி ஏறும்? மேல ஏதும் ஓடை ஒடஞ்சிரிக்கா? மூணாவது குழாயில எவ்வளவு வருது, பாத்துச் சொல்லுங்க. ஏறிக்கிட்டே போனா இன்டைக்கே லயத்தக் காலி பண்ணணும்."

மூணாவது குழாயில் எவ்வளவு வருகிறது? ஒன்றும் வரவில்லை. அவள்தான் மூடிவைத்திருக்கிறாளே.

போனைக் காதில் வைத்தபடியே சிவசக்தி நின்றாள். இருபத்துநான்கு வீட்டுக் கூரையும் கண்ணுக்குக் கீழே தெரிந்தது. பௌதிகவியலில் ஏ எடுத்தவள், அமுக்கம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள், மலையின் வாயைத் தன் கையாலேயே பொத்தியிருக்கிறாள். சொன்னால் இந்த மிஸ் தன்னை என்னவென்று நினைப்பாள்? சொல்லாமல் திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. தண்ணீர் இறங்கிவிடும். ஆனால் ஒரே இரவில் தண்ணீர் ஏன் ஏறியது என்று அங்கே அவர்கள் ஏதேதோ காரணம் தேடுவார்கள். இல்லாத ஓடையைத் தேடி மலை ஏறுவார்கள்.

"மிஸ், நான்தான் வால்வு போட்டு மூடிட்டேன். தண்ணி வீணாப் போகுதேன்னு."

காமிலா நேரத்தைத்தான் கேட்டாள்.

"எத்தன மணிக்கு மூடினீங்க?"

"நேத்து ரெண்டு பத்துக்கு."

"மொதல்ல தொறங்க. தொறந்த நேரத்த எழுதுங்க. அதுக்குப் பொறகு அரை மணிக்கு ஒருக்கா நாடா விட்டுப் பாருங்க. வெக்கிறேன்."

சிவசக்தி ஓடினாள். வால்வைத் திருகியதும் முதலில் ஒரு பெருமூச்சு வந்தது, காற்று. பிறகு சேறு. பிறகு தண்ணீர், நேற்றைவிட இரண்டு மடங்கு, மூன்று முழம் தள்ளிப் போய் விழுந்தது. அவ்வளவையும் அடக்கிக்கொண்டா இரவெல்லாம் இது லயத்தின் தலைமேல் இருந்தது என்று நினைத்தபடியே அவள் திறந்த நேரத்தை எழுதினாள்.

அரை மணிநேரம். நாடா: ஆறு எண்பத்தேழு. இன்னோர் அரை மணி: ஆறு தொண்ணூற்றெட்டு. கொப்பியில் எழுத எழுத அவளுக்குப் பயம் போய் வேறு ஏதோ வந்தது. ஊரை விடப் பெரியது இந்த மலை. எத்தனையோ மழையைக் குடித்துவிட்டு யாருக்கும் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது. அது, ஒரு பிள்ளை கீழே நின்று கையளவு வால்வைத் திருகியதைக் கேட்டு, உள்ளே நாற்பது மீட்டர் ஆழத்தில் அசைகிறது. எண்ணாகப் பதில் சொல்கிறது. பின்னேரம் ஐந்து மணிவரை அவள் சோறு தின்னப் போகவில்லை. கடைசியாக எழுதியது ஏழு எழுபது.

வெள்ளிக்கிழமை காலை குழு வந்து இறங்கியது. கஜேந்திரன் ஸ்டோருக்குப் போகாமல், ஏச்சுக் கேட்கத் தயாராக, மகளுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"வால்வு நான்தாங்க கொண்டாந்தேன். புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க."

"மூடக்கூடாதுன்னு நாங்க ஒருத்தருக்கும் சொல்லல்லயே. பிழை எங்களிலயும்தான்," என்றாள் காமிலா. "கொப்பி எங்க?"

வாங்கியவள் பக்கங்களைப் புரட்டினாள். மஹ்ரூப் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மிஸ், மூடினா எவ்வளவு வேகத்தில ஏறும், தொறந்தா எவ்வளவு வேகத்தில எறங்கும், எல்லாம் இதில இரிக்கி. இந்தப் பரிசோதனையச் செய்ய நாம கேட்டிருந்தா அனுமதியே தந்திருக்கமாட்டாங்க."

"இனியும் தரமாட்டாங்க," என்று அவரை அடக்கிவிட்டுக் காமிலா அடுத்த பக்கத்தில் நின்றாள். அங்கே பென்சிலில் ஒரு படம். குழாய் திறந்தே இருந்தது. தண்ணீர் ஒரு தொட்டிக்குள் விழுந்தது. தொட்டியிலிருந்து லயத்துக்கு ஒரு பைப்பு, அதற்கு மட்டும் வால்வு. தொட்டி நிறைந்தால் மிச்சம் விளிம்பால் வழிந்து ஓடைக்கு.

"இது?"

"தண்ணியும் வேணுங்களே மிஸ். மலைய மூடாம எடுக்கலாமான்னு பாத்தேன்."

காமிலா படத்தில் தொட்டியின் மேல் விரலை வைத்தாள். "தொட்டிய இன்னும் பத்தடி தள்ளி வைக்கணும், பாரம் சரிவுக்கு வரக்கூடாது. மத்தபடி சரி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சிவசக்திக்கு அது போதுமாயிருந்தது.

சிக்னல் கிடைக்கும் பாறையில் உட்கார்ந்து அவள் விண்ணப்பத்தைத் திறந்தாள். கஜேந்திரனும் பக்கத்தில் குந்தினார். தகவல் தொழில்நுட்பம் முதலிடத்தில் இருந்தது. அவள் அதை இரண்டாவதுக்கு இறக்கிப் பொறியியலை மேலே ஏற்றினாள்.

"என்ன இஞ்சினியருன்னு இன்னும் போடலயே," என்றார் அவர்.

"உள்ளுக்குப் போய் மொத வருஷம் எல்லாத்தயும் படிச்சிட்டுத்தான் பிரிவு எடுக்கணும்பா. நான் சிவில் எடுப்பேன். மிஸ் மாதிரி."

"மலைய விட்டு எறங்கிப் போன்னு சொன்னா, மலைக்குள்ளயே போறேங்கற."

"ஆமாப்பா."

அவர் சரிவைப் பார்த்தார். கொட்டும் தண்ணீரைப் பார்த்தார்.

"பட்டன அமுக்கிட்டா பெறகு மாத்த ஏலுமா?"

"இன்னைக்கோட முடியுதுப்பா. பெறகு ஏலாது."

கஜேந்திரன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, போன் திரையில் பட்டிருந்த சேற்றை நன்றாகத் துடைத்தார்.

"அப்ப நிதானமா, சரியான எடத்துல அமுக்கு," என்றார்.