சாம்பல் கழுத்து, மஞ்சள் கழுத்து

கழுத்து. காலை வெயில் முதலில் அங்கேதான் விழும். ஒன்றுக்குச் சாம்பல் கழுத்து. மற்றதற்கு மஞ்சள் கழுத்து.

பங்குனி வெயில். செம்பருத்தி வேலி. கட்டைவிரல் அளவில் இரண்டு தேன்சிட்டுகள். இரண்டும் பெண்.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக் குடுவைகளைத் துடைக்கிறாள் ஞானசெல்வி. ஜன்னலுக்கு வெளியே அந்த வேலி. துடைத்துக்கொண்டே பார்ப்பாள். பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

ஆணை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஊதாத் தேன்சிட்டின் ஆண் உடம்பெல்லாம் கருநீலமாய் மின்னும். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆணுக்கு வயிறு மட்டும் மஞ்சள். புத்தகத்தில் இந்த ஐயாக்களுக்குப் பெரிய பெரிய வண்ணப்படம். பெண்ணுக்கு ஓரத்தில் ஒரே வரி, 'மங்கலானது' என்று.

மங்கலா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பஞ்சு சுமப்பது யார்? சிலந்தி நூலால் கூட்டை இழுத்துக் கட்டுவது யார்? இரண்டு இனத்திலும் பெண்தான். அடைகாப்பதும் பெரும்பாலும் பெண்தான். மின்னுகிறவர் கொப்பில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார்.

கழுத்தைப் பார்த்தால் போதும். கழுத்து சாம்பல், வயிறு மஞ்சள் என்றால் ஊதாப்பிட்டம். கழுத்திலிருந்தே மஞ்சள் என்றால் ஊதா. இவ்வளவுதான். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

இப்போது வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். வேலியை வெட்ட வேண்டுமாம். கூட்டில் குஞ்சு இருந்தால் வெட்டக்கூடாது என்பது அந்தக் கல்லூரியின் வழக்கம். குஞ்சு இல்லை என்று பேராசிரியர் சுந்தரவேல் எழுதித் தர வேண்டும்.

அவர் ஒரு கூட்டைப் பார்த்தார். காலி. பக்கத்தில் ஒரு பெண்சிட்டைப் பார்த்தார். எழுதிவிட்டார். ஓர் இனம், ஒரு கூடு, குஞ்சுகள் பறந்துவிட்டன.

காலிக் கூடு சாம்பல் கழுத்துப் பறவையினுடையது. அவர் பார்த்த பறவையோ மஞ்சள் கழுத்து. அதன் கூடு நான்கடி தள்ளி, இலைக்குள். அதில் இரண்டு குஞ்சுகள், இன்னும் கண் திறக்காதவை.

அறிக்கையின் அடியில் அவர் பெயர். அதற்கும் கீழே, 'உதவி: பெண் ஊழியர் ஒருவர்'. பத்தொன்பது வருடமாக அறிக்கைகளில் அவளுக்கு அந்தப் பெயர்தான்.

மறுநாள் காலையில் அரிவாளோடு ஆட்கள் வந்தார்கள். ஞானசெல்வி கையில் துடைக்கும் துணியோடு போய் வேலிக்கு முன்னால் நின்றாள். பேராசிரியர் வந்தார்.

"ரெண்டும் பொட்டதானம்மா. ஒண்ணுபோலத்தான இருக்கு."

"பொட்டன்னு தெரிஞ்சா போதுமா சார்? எந்தப் பொட்டன்னு தெரிய வேண்டாமா? கழுத்தப் பாருங்க."

கையிலிருந்த துணியால் வேலியைக் காட்டினாள்.

அவர் பைனாகுலரைத் தூக்கினார். மஞ்சள் கழுத்து அலகில் புழுவோடு வந்தது. இலைக்குள் இரண்டு வாய்கள் திறந்தன. கொஞ்சம் பொறுத்து, சாம்பல் கழுத்து வந்து பூவில் தேன் குடித்தது. பைனாகுலரை இறக்க அவருக்கு ரொம்ப நேரமாயிற்று. அரிவாள்காரர்கள் நிழலுக்குப் போய்விட்டார்கள்.

அறிக்கையையும் பேனாவையும் நீட்டினார். "நீயே திருத்திரும்மா."

இரண்டு இனம் என்று எழுதினாள். இரண்டு கூடு. ஒன்றில் குஞ்சு உண்டு. பிறகு கடைசி வரிக்கு வந்தாள். 'பெண் ஊழியர் ஒருவர்' என்பதைக் குறுக்கே அடித்தாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஞானசெல்வி என்று எழுதினாள்.

கோபம் தீரவில்லை. பழைய அறிக்கைகள் எல்லாம் அலமாரியில் அப்படியே இருந்தன.

வெயில் ஏறியது. வேலியில் ஒரு சிட்டு வந்து உட்கார்ந்தது. முதலில் கழுத்தில் விழுந்தது. மஞ்சள்.