கையப் புடிச்சாங்க

தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள அந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு பெண் சின்ன தொரையின் மேல் புகார் கொடுத்தது அதுவரை நடக்காத காரியம். இருளாயி கொடுத்தாள். ரப்பர் ஷீட்டுகளைக் காயவைக்கிற புகையறையில் வேலை செய்பவள், நாற்பதைத் தாண்டியவள். ஒரு மத்தியானம், தோட்டத்தார் சின்ன தொரை என்று சொல்லும் உதவி மேனேஜர், குடித்துவிட்டு உள்ளே வந்து அவள் கையைப் பிடித்து இழுத்திருந்தான்.

கம்பெனி விசாரணை வைத்தது. கொழும்பிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். அவருக்குச் சிங்களமும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் தெரியாது. இருளாயிக்குத் தெரிந்தது கடைத்தெருச் சிங்களம். சாமான் வாங்கவும் பஸ்ஸில் இடம் கேட்கவும் அது போதும். இதைச் சொல்லப் போதாது. கம்பெனிக்கு எல்லாம் ஆங்கிலத்தில் வேண்டுமென்பதால் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் நடராஜா மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம் என்றார்கள். இருளாயி, தன் லயத்து வீட்டு வரிசையிலேயே பிறந்து வளர்ந்து இப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற ஷாமிளாவைக் கேட்டாள்.

"நான் வாயத் தொறக்கக் கூடாதாம்க்கா. சும்மா பக்கத்துல உக்காரத்தான் விடுவாங்க."

"உக்காந்தாப் போதும் டீச்சர்."

ஆபீசில் மேனேஜரான பெரிய தொரையின் அறையில், அவர் முன்னால் விசாரணை. மேசையில் ஒரு தட்டு நிறைய எண்ணெயில் பொரித்த பெட்டிஸ் இருந்தது. சின்ன தொரை ஒன்றைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மீசையில் ஒட்டிய துகளை நாக்கால் துழாவி எடுத்துவிட்டு, எண்ணெய் விரலைச் சப்பினான். ஷாமிளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நடந்தத சொல்லு இருளாயி" என்றார் நடராஜா, மிகவும் கனிவாக.

இருளாயி நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். "புகையறையில ஷீட்டு அடுக்கிக்கிட்டு இருந்தேங்க. தொரை வந்தாங்க. குடிச்சிருந்தாங்க. கையப் புடிச்சாங்க."

நடராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "ஷீ செய்ஸ் தட் ஷீ வோஸ் வித் ஹிம் இன் த ஸ்மோக் ரூம். தட் தே வேர் ட்ரிங்கிங். தட் தே ஹெல்ட் ஹேண்ட்ஸ்."

ஷாமிளா அதைத் தனக்குள் தமிழில் திருப்பிப் பார்த்தாள். சின்ன தொரையோடு புகையறையில் இருந்தாளாம். இருவரும் குடித்தார்களாம். கையோடு கை கோத்துக்கொண்டார்களாம். நடராஜாவின் ஆங்கிலத்தில் பிழை ஒன்றுமில்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது. அந்தச் சின்னத் 'தட்'டுக்குப் பின்னால் யார், யாரோடு, யாருடைய கை என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழில் விட்டுவிடலாம். இருளாயி விட்டிருந்தாள், தொரைக்கு மரியாதையும் கொடுத்திருந்தாள். அவள் விட்ட இடங்களில் நடராஜா தனக்கு வேண்டியதைப் போட்டு நிரப்பினார்.

வக்கீல் எழுதிக்கொண்டிருந்தார்.

"அவள் அப்படிச் சொல்லவில்லை சேர்" என்று ஷாமிளா ஆங்கிலத்தில் சொன்னாள். "அவன் குடித்திருந்தான். அவளுடைய கையை அவன் பிடித்தான்."

"துணைக்கு வந்தவர் பேசக் கூடாது" என்றார் வக்கீல், தலையைத் தூக்காமல்.

நடராஜா அவள் பக்கம் சாய்ந்தார். வெற்றிலை நாற்றம் அடித்தது. "குடிச்சிருந்தாங்க, புடிச்சாங்க. பன்மைதானே டீச்சர்? நீங்க படிப்பிக்கிறவங்க."

"அது மரியாதைக்குச் சொன்னது. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் சிரித்தார். ஷாமிளா இருளாயியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, மரியாதை வேணாம். யாரு யார என்ன செஞ்சான்னு மட்டும் சொல்லுங்க."

இருளாயி நிமிர்ந்து பெரிய தொரையைப் பார்த்தாள். பிறகு கிளாக்கரைப் பார்த்தாள். அவளுடைய அப்பனும் ஆத்தாவும் அந்த அறை வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

"அவன் குடிச்சிருந்தான்" என்றாள். "நான் குடிக்கல. அவன் என் கையப் புடிச்சு இழுத்தான். நான் அவனத் தள்ளிட்டு ஓடியாந்தேன்."

கதவருகே நின்ற பியூன் தலையைக் குனிந்துகொண்டான். நடராஜா வாயைத் திறக்குமுன் சின்ன தொரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவன் சிங்களவன், தோட்டத்தில் வேலை வாங்குகிற அளவுக்குத் தமிழ் பேசுவான். 'அவன்' என்றது அவனுக்கு நன்றாக விளங்கியது.

"யாருக்கு அவன் சொல்றது? சும்மா கைதானே புடிச்சேன் நான். அதுக்கு அவன் சொல்லுவியா நீ?"

வக்கீல் பேனாவை நிறுத்தினார். "என்ன சொல்கிறார்?"

நடராஜா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஹி செய்ஸ் தட் ஹி ஒன்லி ஹெல்ட் ஹெர் ஹேண்ட்" என்றாள் ஷாமிளா.

இந்த முறை வக்கீல் அவளைத் தடுக்கவில்லை. நடராஜாவைப் பார்த்து, "சரியா?" என்றார். நடராஜா வேறு வழியில்லாமல் தலையாட்டினார். சின்ன தொரையே 'நான்' என்று சொல்லிவிட்ட பிறகு அந்த 'ஹி'யை யாராலும் 'தே' ஆக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் நடராஜா இரண்டு பேருக்கும் டீ ஊற்றச் சொல்லித் தானே நீட்டினார். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். எனக்கும் வீடு இருக்கு, புள்ளைங்க இருக்கு. தொரைமாரு கூட இல்லாம இங்க இருக்க ஏலுமா?"

ஷாமிளா கோப்பையை வாங்கவில்லை. அந்தக் கை கொடுப்பதை வாயில் வைக்க அவளால் முடியாது. "வேணாம்" என்றாள்.

முடிவு வந்தது. சின்ன தொரையைக் கேகாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அதே பதவி, அங்கேயும் பங்களா. மேலதிகாரியை மரியாதை இல்லாமல் பேசியதற்காக இருளாயிக்கு எச்சரிக்கைக் கடிதம். அதை ஷாமிளா படித்துக் காட்டினாள். சேற்றில் கை வைத்துவிட்டுக் கழுவத் தண்ணீர் கிடைக்காதது போல இருந்தது அவளுக்கு.

இருளாயி கடிதத்தை வாங்கி மடித்து மடியில் செருகினாள்.

"அங்கயும் நம்ம பொம்பளைங்கதானே வேல செய்யிறாங்க" என்றாள். "அவங்களுக்கு யாரு சொல்றது?"

"அங்க யாரையும் தெரியுமா ஒங்களுக்கு?"

"எங்க பெரியம்மா மக இருக்கா. போன் இருக்கு அவகிட்ட."

ஷாமிளா தன் போனை எடுத்துக் கொடுத்தாள். இருளாயி பேசினாள். அவனுடைய பெயரைச் சொன்னாள், ஆள் எப்படி இருப்பான் என்று சொன்னாள், செய்ததைச் சொன்னாள். ஒவ்வொரு வசனத்திலும் அவன், அவன் என்றே சொன்னாள்.