டெல்வுட்டுக்குச் சொன்ன நியாயங்கள்

மார்க்கஸ் டெல்வுட் என்ற பெயரை ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்ப் பெடியங்களுக்கு அறிமுகப்படுத்தியவன் நான்தான். அதில் எனக்கு ஒரு காலத்தில் பெருமையும் இருந்தது. இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஆள் அமெரிக்கன். அவர்களுடைய ஃபுட்போலில் வைட் ரிசீவர். அதாவது ஒருவன் பந்தை எறிய, மைதானத்தின் ஓரமாக ஓடிப்போய் அதைப் பிடிப்பவன். வயது இருபத்துநான்கு. எங்களில் எவரும் அவனை நேரில் கண்டதில்லை, காணப்போவதும் இல்லை. ஆனால் நாங்கள் எட்டுப் பேர், எல்லாரும் இந்த ஊரில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், எட்டு வருடமாக ஃபேன்டஸி லீக் ஒன்று நடத்துகிறோம். ஓகஸ்ட் கடைசியில் ஒருநாள் கூடி, முறைவைத்து ஆளுக்கொரு வீரராகச் சுற்றுச் சுற்றாகத் தெரிவுசெய்வோம். ஒருவன் எடுத்த வீரனை மற்றவன் எடுக்க முடியாது. செப்டம்பரிலிருந்து அந்த வீரர்கள் அங்கே உண்மையாக ஓடுவதும் பிடிப்பதும் இங்கே எங்களுக்குப் புள்ளிகளாக வரும். வாரத்துக்கு வாரம் இரண்டு இரண்டு பேராக மோதுவோம், அந்த வாரம் புள்ளி கூடியவன் வெல்வான். வென்றவன் அடுத்த வருடம் வரை வாய் கிழியக் கதைக்கலாம். பரிசு அவ்வளவுதான்.

இதில் பெரிய வித்தை, ஒருவன் பெரிய ஆளாக வருவதற்கு முன்பே அவனைக் கண்டுபிடிப்பது. வந்த பிறகு எவனும் கண்டுபிடிப்பான். எனக்கு அந்தக் கண் இருக்கிறது என்று எனக்கு நினைப்பு. நான் பார்க்கிற வேலையும் அப்படி. டோர்ட்முண்டில் ஒரு கம்பித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். நாள் முழுக்கக் குறை பிடிப்பதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

டெல்வுட் இரண்டு வருடம் விளையாடி நாற்பத்தொரு பந்துதான் பிடித்திருந்தான். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் அவனைத் தொடவே தோன்றாது. நான் அப்படிப் பார்ப்பவன் இல்லை. ஏன் நாற்பத்தொன்று என்று பார்ப்பேன். முதல் வருடம் தொடைத் தசை கிழிந்து பாதி ஆட்டங்களுக்கு அவன் வெளியே. இரண்டாம் வருடம் அவனுக்குப் பந்து எறிய வாய்த்தவன் தோள் தேய்ந்த ஒரு கிழட்டு ஆள், தூர எறியத் திராணி இல்லை. டெல்வுட் தன்னைத் தடுக்க வந்தவனை ஏமாற்றிவிட்டு வெட்டவெளியில் தனியாக ஓடிக்கொண்டிருப்பான், பந்து வேறெங்கோ போய் விழும். வராத பந்தை எவன் பிடிப்பான்? இந்த வருடம் எறிபவன் புதியவன், இளந்தாரி. டெல்வுட்டுக்கும் மூன்றாவது வருடம். ரிசீவர்களில் பலர் மூன்றாவது வருடத்தில்தான் கிளம்புவார்கள்.

"ஒருத்தனை எடை போடமுதல் அவனுக்கு என்ன நடந்தது எண்டு பாக்கவேணும்" என்று மே மாதத்திலிருந்து ஒவ்வொரு காலையும் ரயிலில் பிரவீணனுக்குப் பாடம் எடுத்தேன்.

பிரவீணன் ஆறாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி. டோர்ட்முண்டில் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே ரயில், ஆறு மணிக்குப் பிறகு வரவேண்டியது, ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வராதது. அது பிந்துகிற நேரமெல்லாம் எங்களுக்கு டெல்வுட்தான். அந்தக் கோடையில் அவனுக்குக் கதைக்க வேறொரு பெயரும் இருந்தது. தேனுஜா. ஸ்டுட்கார்ட்டில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்கிற பெண். கல்யாணத் தரகர் கொண்டுவந்த பேச்சு. பொருத்தம் பார்த்து, இரண்டு முறை சந்தித்து, தினமும் போனில் கதைக்கிற அளவுக்கு வந்திருந்தது. பெண் வீட்டார் ஒரு முடிவு சொல்ல வேண்டும், அதுதான் பாக்கி.

"இது சரிவந்தால் போதும் மச்சான். அம்மா போனாப் பிறகு அந்த வீட்டுக்குள்ள தனிய இருக்க ஏலாமல் கிடக்கு" என்றான் ஒருநாள். ரயில் காமன் ஸ்டேஷனைத் தாண்டும்போது சொன்னான். நான் "சரிவரும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் டெல்வுட்டுக்குப் போனேன்.

ஓகஸ்ட் கடைசி ஞாயிறு எங்கள் வீட்டில் கூடினோம். என் மனைவி சுலோஜனா ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். சீட்டுக் குலுக்கியதில் பிரவீணன் ஐந்தாவது, நான் ஆறாவது. என் கணக்கு இதுதான்: நாற்பத்தொரு பந்து பிடித்தவனை எவனும் சீக்கிரம் தொடமாட்டான், ஏழாவது சுற்றில் ஆறுதலாக எடுக்கலாம். ஏழாவது சுற்று வந்தது. பிரவீணனின் முறை. என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "டெல்வுட்" என்றான்.

வீடு அதிர்ந்தது. ஒருவன் மேசையில் தட்டினான். "நிஷாந்தனுக்கு ஆப்பு!" என்று கத்தினார்கள். "நீதானே மச்சான் சொன்னனீ" என்றான் பிரவீணன், அப்பாவி மாதிரி. நானும் சிரித்தேன். பல் மட்டும்தான் சிரித்தது. மூன்று மாதம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுத்து, கடைசியில் என் வாயாலேயே கெட்டேன். அந்தக் கோபத்தில் அடுத்ததாக யாரை எடுத்தேன் என்றே எனக்கு நினைவில்லை.

எல்லாரும் போய் ஒரு மணித்தியாலம் இருக்கும். நான் ரோல்ஸ் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, தெரியாத நம்பர்.

"தம்பி நிஷாந்தனே? நான் ஸ்டுட்கார்ட்டில இருந்து கமலநாயகி கதைக்கிறன், தேனுஜான்ர பெரியம்மா. குறை நினைக்காதேங்கோ, பிரவீணன் எண்ட பெடியனைப் பற்றி விசாரிக்கத்தான் எடுத்தனான்."

எங்கள் ஆட்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த விசாரிப்பு இல்லாமல் ஒரு கல்யாணம் நடக்காது. மாப்பிள்ளையின் ஊரில் ஒருவனைப் பிடித்துப் போனில் கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கும் சொல்கிறவர்களுக்கும் தெரிந்த ஒரு வழக்கம் அதில் உண்டு. கூட்டாளியைக் கேட்டால் அவன் நல்லதைத்தான் சொல்வான். ஆகவே நூறு சொன்னால் ஐம்பதாக எடுப்பார்கள். கூட்டாளியே ஒரு சொல்லைக் குறைத்துச் சொன்னால், அதை இரண்டு மடங்காக எடுப்பார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தங்கையின் கல்யாணத்துக்கு நானே இப்படி நாலு பேரை விசாரித்திருக்கிறேன்.

"கேளுங்கோ அக்கா" என்றேன்.

"குடி, சிகரெட்?"

"ஒண்டும் இல்லை."

"வேலை நிரந்தரம்தானே?"

"ஓம்."

"ஆள் எப்பிடித் தம்பி, குணம்?"

கையில் சவர்க்கார நுரை. காதில் இன்னும் அந்தச் சிரிப்புச் சத்தம்.

"நல்ல பெடியன்தான் அக்கா. ஆனா... ஒண்டைத் துவங்கினால் முடிக்கமாட்டான். ரெண்டு அவுஸ்பில்டுங் துவங்கினவன், ரெண்டையும் பாதியில விட்டவன்."

"ஓ" என்றார் கமலநாயகி. பிறகு பிள்ளைகளைச் சுகம் கேட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

நான் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. இரண்டு தொழிற்பயிற்சியையும் அவன் பாதியில்தான் விட்டான். முதலாவது மின்சார வேலை, கொரோனா நேரம் அந்தக் கடையையே முதலாளி மூடிவிட்டார். இரண்டாவது முதியோர் பராமரிப்பு. தாய் புஸ்பவதிக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழ, பதினொரு மாதம் வீட்டில் இருந்து அவரைத் தூக்கிக் குளிப்பாட்டி, உணவூட்டி, கடைசிவரை பார்த்தான். அந்த மனிசியின் செத்த வீட்டில் பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கியவன் நான். இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். டெல்வுட்டின் தொடைத் தசைக்கு மூன்று மாதம் செலவழித்தவன், அந்த அரை நிமிடத்தைக் கொடுக்கவில்லை.

"ஆரோட கதைச்சனீங்கள்?" என்றாள் சுலோஜனா.

"பிரவீணனை விசாரிக்கினம்."

"நல்லாச் சொன்னனீங்கள்தானே?"

"உள்ளதைச் சொன்னனான்."

"முழுசையுமோ?"

நான் தண்ணீரைக் கூட்டித் திறந்துவிட்டேன். நாளைக்குக் கூப்பிட்டு மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் கோபம் போகவில்லை. அதற்கடுத்த நாள் வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு நாட்கள் தானாகவே போய்விட்டன.

செப்டம்பர் இரண்டாம் கிழமை, ரயில் பிந்திய ஒரு காலை, மேடையில் மழைச் சாரலுக்குள் நின்றபடி பிரவீணன் சொன்னான்.

"அது சரிவரேல்லை மச்சான்."

"எது?"

"தேனுஜா. ஹம்மில ஆரையோ விசாரிச்சவையாம். நான் ஒண்டையும் முடிக்கமாட்டன் எண்டு சொல்லிச்சினமாம். கலியாணத்தையும் பாதியில விட்டால் எண்டு அவையளுக்குப் பயமாம்." அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவள் அழுதவள். ஆனா பெரியம்மாவை மீறமாட்டன் எண்டு சொல்லிப்போட்டாள்."

"ஆர் சொன்னதாம்?"

இதை நான் கேட்டேன். எந்த முகத்தோடு கேட்டேன் என்று எனக்குத் தெரியாது.

"தெரியாது. நான் உன்ர நம்பரைத்தான் தரகரிட்டைக் குடுத்தனான். உனக்கு எடுக்கேல்லைத்தானே?"

ரயில் வந்துவிட்டது. கதவு திறந்து சனம் இடித்துக்கொண்டு ஏறியது. அந்தச் சத்தத்தில் நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன்.

ஒக்டோபரில் டெல்வுட் கிளம்பினான். ஒரு ஞாயிறு ஒன்பது பந்து, அடுத்த ஞாயிறு பதினொன்று. நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது. புதிய எறிகாரன் அவனைத்தான் முதலில் தேடினான், தூரமாக எறிந்தான், அவன் போய்ப் பிடித்தான். இணையமெல்லாம் அவன் பெயர். எங்கள் லீக்கில் மட்டும் அவனால் எவருக்கும் ஒரு புள்ளி இல்லை. ஒவ்வொரு வாரமும் யாரை இறக்குவது, யாரைப் பெஞ்சில் இருத்துவது என்று செயலியில் நாமே மாற்ற வேண்டும். பெஞ்சில் இருப்பவனின் புள்ளிகள் கணக்கில் வராது. பிரவீணன் தொடக்கத்தில் டெல்வுட்டைப் பெஞ்சில் இருத்தியிருந்தான், அது சரியான முடிவு, நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் செப்டம்பருக்குப் பிறகு அவன் செயலியைத் திறக்கவே இல்லை. காயம்பட்டு வீட்டில் கிடக்கிற வீரர்கள் அவனுடைய அணியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். டெல்வுட் பெஞ்சில் இருந்து வாரம் தவறாமல் வெடித்தான்.

எட்டு வருடத்தில் அவன் ஒரு வாரம்கூட அணியை மாற்றாமல் விட்டதில்லை. தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து மாற்றியவன். மற்றவர்கள் குழுவில் அவனை நக்கலடித்து எழுதினார்கள். அவன் பதில் போடவில்லை. ரயிலில் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வருவான். கதைத்தால் பதில் சொல்வான், அவ்வளவுதான். எனக்கு ஒவ்வொரு காலையும் அந்த இருபத்தைந்து நிமிடம் நரகமாக இருந்தது. இரண்டு முறை முந்திய ரயிலில் போனேன்.

நவம்பரில் ஒருநாள் வேலையிடத்துச் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலைக்கு வெளியே நின்று கமலநாயகிக்கு எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மூடிய கடை, புஸ்பவதி அன்ரி, பதினொரு மாதம், எல்லாம். மூச்சு விடாமல் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"தேனுஜாவுக்கு சுவிஸில சரிவந்திட்டுது தம்பி. தையில கலியாண எழுத்து" என்றார் கடைசியில். "இதை ஏன் நீங்கள் அண்டைக்குச் சொல்லேல்லை?"

ஒரு விளையாட்டு வீரனை எனக்கு முன்னால் எடுத்துவிட்டான் என்று சொல்வதா?

"நீங்கள் கூட்டாளி எண்டபடியால்தான் நாங்கள் வேற ஒருத்தரையும் கேக்கேல்லை" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. களைத்த குரலில் சொன்னார். "கூட்டாளியே இழுத்துக் கதைச்சால், பிறகு விசாரிக்க என்ன கிடக்கு?"

டிசம்பர் முதல் வாரம் எனக்கும் பிரவீணனுக்கும் ஆட்டம். நான் வென்றால் இறுதிச் சுற்றுக்குப் போவேன், தோற்றால் வெளியே. ஞாயிறு பின்னேரம் ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. டெல்வுட் மூன்று முறை எல்லைக்கோட்டைத் தாண்டினான், முப்பத்தெட்டுப் புள்ளிகள். எல்லாம் பெஞ்சில். நான் ஒன்பது புள்ளிகளால் வென்றேன். அவன் டெல்வுட்டை இறக்கியிருந்தால் நான் வெளியே. சுலோஜனா திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள்.

திங்கள் காலை ரயில் பதினெட்டு நிமிடம் பிந்தும் என்று பலகையில் போட்டிருந்தது. பிரவீணன் மேடையில் நின்றான். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று வீட்டிலிருந்தே முடிவெடுத்துக்கொண்டு வந்திருந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் டெல்வுட்டிலிருந்து தொடங்கினேன்.

"நேற்று ஏன்ரா அவனை இறக்கேல்லை?"

"ஆரை?"

"டெல்வுட்டை. முப்பத்தெட்டு அடிச்சவன்."

"அப்பிடியோ" என்றான். கைகளைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டான். "மச்சான், அவை சொன்னது சரிதான். நான் யோசிச்சுப் பாத்தனான். ரெண்டு அவுஸ்பில்டுங், இப்ப இந்த லீக், ஒண்டும் முடிக்கேல்லை. நான் அப்பிடியான ஆள்தான் போல."

"விசர்க் கதை கதையாதை. உனக்கு என்ன நடந்தது எண்டு..."

"நீ சொல்லுவாய்." அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தான். "டெல்வுட்டுக்கே அவ்வளவு நியாயம் சொன்னவன் நீ. தசை கிழிஞ்சது, எறியிறவன் சரியில்லை, அது இதெண்டு. அவை உனக்கு எடுத்திருந்தால் என்ர கதை முழுக்கச் சொல்லியிருப்பாய். அதுதான் எனக்கு மனசுக்குள்ள கிடக்கிற ஒரே கவலை. உன்னட்டைக் கேட்டிருந்தால் இது நடந்திராது, என்ன?"

பலகையில் பதினெட்டு இருபத்திரண்டாக மாறியது. சொல்வதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காக நின்றான்.

"ஓம்" என்றேன்.