வெறும் போத்தல்

2024 டிசம்பர் 26, வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, கிழக்கு லண்டனின் மனோர் பார்க்கில் உள்ள ஒரு வீட்டில், கிளைவ் என்பவர் தாமே தயாரித்த ஜின் நிரம்பிய எழுபது சென்டிலீட்டர் போத்தல் ஒன்றை றெஜினோல்ட்டிடம் கொடுத்தார்.

கிளைவ் ஓய்வுபெற்ற நில அளவையாளர். வால்தம்ஸ்டோவில் இருக்கிறார். அவருடைய மகன் டொம், றெஜினோல்ட்டின் மகள் ஷெறோனை மணக்கப்போகிறான். இரு குடும்பமும் சந்தித்தது அன்றுதான் முதல் தடவை. போத்தல் தடித்த கண்ணாடி, தக்கை மூடி. கையால் எழுதி ஒட்டிய தாளில் 'கிளைவின் ஜின், மூன்றாவது தடவை' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

விடைபெறும்போது கிளைவ் இன்னொன்றும் சொன்னார். தங்கள் குடும்பத்துத் திருமணங்கள் எல்லாம் சஃபோக்கில் ஒரு பழைய தானியக் களஞ்சியத்தில்தான் நடக்கும், அந்த இடத்தை விசாரித்து வைத்திருக்கிறேன் என்றார். றெஜினோல்ட் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு நின்றது.

றெஜினோல்ட்டுக்கு ஐம்பத்தொன்பது வயது. மன்னார்க்காரர். ஒரு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை. அதற்குச் சற்றுக் குறைந்த காலமாக, தங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் கதிரை அடுக்கும் பொறுப்பும் அவருடையது. மற்றவர்களின் பிள்ளைகளுக்காக இதுவரை அறுபத்தொரு திருமணத்துக்குக் கதிரை அடுக்கியிருக்கிறார். அறுபத்திரண்டாவது தன் மகளுடையதாக இருக்கவேண்டும், அன்றைக்கு அவர் அடுக்காமல் முன்வரிசையில் இருக்கவேண்டும். இதை அவர் மனைவி மரியநாயகிக்கு மட்டும் சொல்லியிருந்தார். ஷெறோனும் டொம்மும் இந்த விஷயத்தில் தலையிடுவதாக இல்லை. இரண்டு அப்பாமாரும் பேசி முடிவெடுக்கட்டும் என்று ஒதுங்கிவிட்டார்கள்.

பேசுவதற்கு நாளும் குறித்தாயிற்று. தவக்காலம் தொடங்குமுன், பெப்ரவரி 23, ஞாயிறு மதியம், கிளைவ் வீட்டில் விருந்து.

அதற்குள் போத்தல் காலியாகிவிட்டது. மரியநாயகியின் தம்பி லெஸ்லி புதுவருடத்துக்கு முன்பே அதை முடித்திருந்தான். இங்கேதான் சிக்கல் பிறந்தது. ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது மரியநாயகியின் குடும்பத்தில் இல்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். லண்டனில் ஐஸ்கிரீம் டப்பாவுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அது திரும்பிப் போவதே இல்லை. ஆனால் தக்கை மூடி போட்ட தடித்த கண்ணாடிப் போத்தல் ஐஸ்கிரீம் டப்பா அல்ல.

கடையில் ஒரு ஜின் வாங்கி அதற்குள் ஊற்றிக் கொடுத்தால் என்ன என்று மரியநாயகி கேட்டார்.

"தன்ர கையால செய்து தந்த மனுசனுக்குக் கடையில வாங்கிக் குடுக்கிறதோ?" என்றார் றெஜினோல்ட். "பிறகு நான் என்ன முகத்தோட சேர்ச் கேக்கிறது?"

ஆகவே ஜின் செய்வதென்று முடிவாயிற்று. வருடத்துக்கு இரண்டு முறை, நத்தாருக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும், அரைக் கிளாஸ் பிராண்டி குடிக்கும் மனிதர் அவர். ஆனால் கருவி என்றால் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

லெஸ்லி பார்சல் வான் ஓட்டுகிறான். சிக்னலில் நிற்கும் நேரத்தில் வீடியோ பார்த்துக் கற்ற அறிவு அவனிடம் நிறைய உண்டு. ஐந்து லீட்டர் செம்பு வடிகலன் ஒன்றின் படத்தை அனுப்பினான். கோவில் கோபுரம்போல் மூடி, அதிலிருந்து வளைந்து இறங்கும் குழாய். றெஜினோல்ட்டுக்கு அந்தப் பளபளப்பு பிடித்துப்போயிற்று. அதை உட்புறம் எப்படித் துலக்குவது என்பது மட்டும்தான் அவருடைய கவலை.

சனிக்கிழமை இருவரும், ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே வீட்டு மதுத் தயாரிப்புச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனார்கள். பன்னீர் வடிப்பதற்காக ஒரு செம்புக் கலன் வேண்டும் என்று லெஸ்லி சொன்னான். கல்லாவில் நின்ற பெண் எந்த ரோஜாவில் என்று கேட்டாள். லெஸ்லி றெஜினோல்ட்டைப் பார்த்தான். வாரத்துக்கு நாலு பேர் பன்னீர் வடிக்க வருகிறார்கள், ஒருவர் வீட்டிலும் ரோஜாச்செடி இல்லை என்றாள் அவள். பிறகு றெஜினோல்ட்டின் பக்கம் திரும்பி விளக்கினாள். இந்த நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் சாராயம் வடிப்பது குற்றம். கடையில் வாங்கிய வொட்காவில் வாசனைப் பொருள்களை ஊறவைத்து வீட்டுக்கு ஜின் செய்துகொள்வது குற்றமில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுதான் நல்லது. அதற்கு நெருப்பும் வேண்டாம், செம்பும் வேண்டாம்.

குறித்துக்கொள்ள றெஜினோல்ட்டிடம் பேனா இருந்தது. அகன்ற வாய்க் கண்ணாடிச் சாடி ஒன்று. பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு. மெல்லிய வலை வடி. கோப்பி வடிக்கும் தாள். புனல். பரீட்சித்துப் பார்க்க ஆறு சின்னப் போத்தல். மதுவின் செறிவை அளக்கும் மானியும் வேண்டுமென்று லெஸ்லி அடம்பிடித்தான். செறிவு வொட்கா போத்தலிலேயே எழுதியிருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். ஜூனிப்பர் பழம் மட்டும் ஒரு பை வாங்கினார்கள். மிளகைவிடச் சற்றுப் பெரிய, கருநீல நிறக் காய்ந்த பழம். அது இல்லாவிட்டால் ஜின் இல்லை.

மற்றச் சாமான் எல்லாம் வீட்டில் இருக்கிறது, வாங்காதீர்கள் என்று மரியநாயகி தொலைபேசியில் கட்டளையிட்டார். வீட்டிலிருந்த சாடி எட்டு வருடம் தேசிக்காய் ஊறுகாய் இருந்த சாடி. றெஜினோல்ட் அதை மூன்று தரம் கொதிநீரில் போட்டெடுத்தார். பிறகு ஒரு நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் நிரப்பி வைத்துக் குடித்துப் பார்த்தார். ஊறுகாய். மூடியின் றப்பர் வளையத்தில் குடியிருக்கிறது என்று கண்டுபிடித்து, புதிய வளையம் வாங்கிப் போட்டு மறுபடி தண்ணீர் வைத்தார். அப்போதும் ஊறுகாய்தான், கொஞ்சம் தூரத்தில். கேக் தராசில் மூன்று ஏலக்காயை வைத்தபோது அது பூச்சியம் காட்டியது. கடைசியில் பேனாவால் எழுதிய பட்டியல் முழுவதையும் வாங்கினார்.

அடுத்த நாலு வாரமும் அவர் ஒழுங்காக வேலை செய்தார். ஆறு சின்னப் போத்தலில் ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியே ஊறவைத்து, நேரம் எழுதி, முகர்ந்து, குறித்துக்கொண்டார். மல்லி பத்துக் கிராம். ஆரஞ்சு நிறத் தோடம்பழத் தோல் இரண்டு. ஏலக்காய் மூன்று, கறுவாப்பட்டை அரைத் துண்டு. பெப்ரவரி 20, வியாழக்கிழமை காலை, பையில் மிஞ்சியிருந்த ஜூனிப்பர் முழுவதையும் வொட்காவோடு சாடியில் போட்டார். மற்றச் சரக்குகளை நிறுத்து, சின்னக் கிண்ணங்களில் மேசையில் வரிசையாக வைத்தார். வேலை முடிந்து வந்து போடுவதாகத் திட்டம். மருத்துவமனைத் தட்டுகளில் கத்தரிக்கோல் அடுக்குகிற மாதிரியே அவை இருந்தன.

பகல் மரியநாயகி சமையலறைக்கு வந்தார். மல்லி பச்சையாகக் கிடந்தது. அவருடைய முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் வறுக்காத மல்லி எந்தச் சட்டிக்குள்ளும் போனதில்லை. மனுசன் மறந்துபோய்விட்டார் என்று நினைத்தார். தாச்சியை அடுப்பில் வைத்து, பொன்னிறம் தாண்டி, வாசம் கிளம்பும் வரை வறுத்தார். வறுத்த கையோடு இரண்டு மிளகும் கொஞ்சம் பெருஞ்சீரகமும் சேர்த்தார். ஆறவைத்து அதே கிண்ணத்தில் கொட்டினார்.

பின்னேரம் றெஜினோல்ட் கிண்ணங்களைச் சாடிக்குள் கவிழ்த்தார். வீட்டில் வறுத்த மல்லி மணத்தது. அந்த வீட்டில் என்றைக்கும் வறுத்த மல்லிதான் மணக்கும்.

சனிக்கிழமை காலை சாடிக்குள் இருந்தது தேநீர் நிறத்தில் இருந்தது. திறந்து முகர்ந்தார். திரும்ப மூடினார். மனைவியை அழைத்தார். அவர் முகர்ந்துவிட்டு, நல்ல வாசம்தானே என்றார். பிறகு விஷயம் வெளிவந்தது.

"பச்சை மல்லியை ஆர் போடுவினம்?" என்று மரியநாயகி திருப்பிக் கேட்டார். "குடிச்ச ஆக்களுக்கு வயித்தாலையெல்லோ போகும்."

றெஜினோல்ட் கோப்பித் தாளில் மூன்று தடவை வடித்தார். தண்ணீர் வடிக்கும் ஜக்கில் ஒரு தடவை வடித்தார். நிறம் கொஞ்சம் இறங்கியது, மணம் இறங்கவில்லை. ரயில் பாலத்துக் கடை அந்த வாரம் பூட்டியிருந்தது. ஜூனிப்பரும் இல்லை, ஊறவைக்க நேரமும் இல்லை. சுவை பார்க்க லெஸ்லியைக் கூப்பிட்டார்கள். அவன் ஒரு வாய் எடுத்து, சற்று யோசித்தான்.

"அத்தான், இதுக்குள்ள ரெண்டு துண்டு விளைமீன் போட்டால் சரி," என்றான்.

ஆனாலும் போத்தல் வெறுமையாகப் போகக்கூடாது. றெஜினோல்ட் கிளைவின் போத்தலைக் கிருமிநீக்கினார். தந்தவரின் கையெழுத்து அழியக்கூடாது என்று மரியநாயகி சொன்னதால், ஒட்டிய தாளில் ஒரு சொட்டு நீர் படாமல் அதைச் செய்தார். நிரப்பினார். தக்கையை அழுத்தினார்.

ஞாயிறு பூசைக்குப் பிறகு றெஜினோல்ட், மரியநாயகி, ஷெறோன் மூவரும் வால்தம்ஸ்டோவுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவர் கிளைவ். டொம்மும் தாயும் பனிக்கட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். றெஜினோல்ட் போத்தலை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார். அந்த வீட்டில் யாரும் சப்பாத்துக் கழற்றுவதில்லை. கிளைவ் வேண்டாம் என்றும் சொன்னார். அவர் கழற்றினார். நாடா இறுக்கமாக முடிந்திருந்தது. ஒரு சப்பாத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடித்தது.

கிளைவ் இதற்குள் சமையலறைக்குப் போய்விட்டார். தன் போத்தல், தன் கையெழுத்து, கழுத்து வரை நிரம்பி, பழுப்பு நிறத்தில். தக்கையை இழுத்து முகர்ந்தார்.

றெஜினோல்ட் காலுறையோடு உள்ளே வந்தபோது, போத்தல் கழுவும் தொட்டிக்கு மேலே தலைகீழாக இருந்தது. கடைசிக் கொஞ்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

கிளைவ் உண்மையாகவே வெட்கப்பட்டார். முதல் இரண்டு தடவையும் இப்படி ஆனதில்லை, இந்தத் தடவை தோடம்பழத் தோலில் ஏதோ பிழை நடந்திருக்கவேண்டும் என்றார். கெட்டுப்போன சாமானைக் குடிக்கவும் முடியாமல், சொல்லவும் மனம் வராமல், இரண்டு மாதம் வைத்திருந்து பேசாமல் திருப்பித் தந்திருக்கிறீர்கள், இவ்வளவு பண்பான மனிதரை நான் கண்டதில்லை என்றார். றெஜினோல்ட், பரவாயில்லை என்றார்.

தொட்டியிலிருந்து எழுந்த மணத்தை ஷெறோன் பிடித்துவிட்டாள். "அப்பா, இது உங்கட ஜின் எல்லோ?" என்றாள். பிறகு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கிளைவுக்குச் சொன்னாள். பாத்திரம் வெறுமையாகப் போகாத வழக்கம், ஊறுகாய்ச் சாடி, தராசு, ஆறு சின்னப் போத்தல், நாலு வாரம். வறுத்த மல்லியை மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

கிளைவ் கதிரையில் இருந்தார். முகம் காதுவரை சிவந்துவிட்டது. போத்தலின் கழுத்தில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். காரசாரமாக இருக்கிறது என்றார். தன்னுடையது பிறந்தநாளுக்கு மனைவி வாங்கித் தந்த ஜின் செய்யும் பெட்டி என்பதையும் ஒப்புக்கொண்டார். பொடிப் பையும் சாடியும் அதிலேயே வரும். வொட்காவை ஊற்றிக் குலுக்குவது மட்டும்தான் தன் வேலை என்றார்.

மரியநாயகி கணவரின் கையைத் தொட்டார்.

"இப்ப கேளுங்கோ."

"இப்பவோ? பாவம் மனுசன், அந்தரப்பட்டுக்கொண்டு இருக்கு."

"அந்தரப்படேக்கதான் கேக்கவேணும். சாப்பிட்டால் தெளிஞ்சிடும்."

றெஜினோல்ட் கேட்டார். மனோர் பார்க், பங்குக் கோவில், தமிழிலும் ஆங்கிலத்திலும் பூசை. அறுபத்தொரு திருமணத்துக்குக் கதிரை அடுக்கியதையும் சொன்னார். அதைச் சொல்ல அவர் நினைத்திருக்கவில்லை. அவர் முடிக்குமுன் கிளைவ் சரி, சரி என்று மூன்று தடவை சொன்னார். சஃபோக்குக்குத் தானே எழுதிவிடுவதாகச் சொன்னார். பனிக்கட்டியோடு திரும்பி வந்த மனைவிக்கு விஷயம் சூப்பு குடிக்கும்போதுதான் தெரிந்தது. அவர் கிளைவைப் பார்த்தார், பிறகு தொட்டியைப் பார்த்தார், உப்பை எடுத்துத் தரும்படி கேட்டார்.

2025 செப்டம்பர் 6, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மனோர் பார்க் பங்குக் கோவிலில் ஷெறோனுக்கும் டொம்முக்கும் திருமணம் நடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கதிரைகளை லெஸ்லியும் கிளைவும் அடுக்கினார்கள். இரண்டாவது வரிசை கோணலாக இருந்ததால், பத்தேமுக்காலுக்கு றெஜினோல்ட் எழுந்துபோய் அதை நேராக்கிவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்தார்.