மிதந்து போன எல்லைக்கல்

1954 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆந்திர ராஜ்யத்தில் புத்தூருக்குத் தெற்கே, சென்னை ராஜ்யத்து எல்லையோரப் பள்ளிக்கூடம் ஒன்றில், பெஞ்ச் ஒன்று தரையைவிட்டு ஒரு முழம் எழும்பியது. ஆசிரியை தாட்சாயணி அப்போது உதடுகளை ஒட்டிப் பிரித்து, ஆங்கில 'பி' (B) எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் தொடங்கும் சொல் ஒன்றைச் சொல்லும்படி இரண்டு வாரமாகக் கேட்டும் பதினான்கு பிள்ளைகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் பெஞ்சே பொறுமையிழந்துவிட்டது. மறுநாள் பக்கெட்டும் பாட்டிலும் எழும்பின. உயிருள்ளவை மட்டும் அசையவில்லை. பஃபலோ என்று பெயர் பொருந்தியும் வாசலில் நின்ற எருமை அசைபோட்டபடியே இருந்தது. எழும்பும் பொருளைப் பார்த்துப் பிள்ளைகள் பதில் சொல்லப் பழகினார்கள். இறைக்காமலே தண்ணீர் மேலே வருமென்று, பாடம் நடக்கும் நேரம் பார்த்துப் பெண்கள் பக்கெட்டோடு கிணற்றுக்கு வந்தார்கள்.

இன்ஸ்பெக்டரின் கேள்விக்குப் பிள்ளைகள் பதில் சொல்லாவிட்டால் பள்ளியை மூடிவிடுவதாகத் தாட்சாயணிக்குத் தாக்கீது வந்திருந்தது. அடுத்த பள்ளி ஆறு மைல். அவ்வளவு தூரம் நடப்பதைவிட மாடு மேய்க்கலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிடுவார்கள்.

ஆகஸ்டில் இன்ஸ்பெக்டர் ரங்கையா வந்தார். அவர் ஒலியைச் சொன்னதும், உட்கார்ந்திருந்த பெஞ்ச் அவரையும் சேர்த்துத் தூக்கியது. கூரை தலையில் இடிக்க, மேலிருந்தே கேட்டார்: "இதேமி டீச்சரம்மா, பெஞ்சே பதில் சொல்லிட்டா பிள்ளைங்க எதுக்கு? இது காப்பி அடிக்கிறது. எல்லாரும் வெளிய வாங்க."

கொள்ளு விதைத்த வெட்டவெளியில் நிறுத்தி மறுபடி கேட்டார். எழும்ப ஏதாவது இருக்கிறதா என்று பிள்ளைகள் சுற்றிலும் பார்த்தார்கள். தாட்சாயணி கண்ணை மூடிக்கொண்டாள். சர்வேயர்கள் போன வாரம் பள்ளிக்குத் தெற்கே நட்டு, வாய்க்கு வாய் பவுண்டரி என்று அழைத்துவிட்டுப் போன எல்லைக்கல், அப்போது மண்ணை உதறிக்கொண்டு கிளம்பியது.

"பவுண்டரி சார்!" என்று பச்சையம்மாள் கத்தினாள். "அதோ போய்க்கினு கீது பாரு சார்!"

தெற்குக் காற்று கல்லைத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளிக்கு வடக்கே இறக்கியது. பள்ளி சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டது. ரங்கையா நோட்டை மூடினார். "பதில் கரெக்ட்டும்மா. ஆனா இங்க மார்க் போடவும் எனக்கு அதிகாரமில்ல, மூடவும் அதிகாரமில்ல."

அதன்பிறகு ஐந்தாறு வருஷம், மூடும் உத்தரவு எந்த ராஜ்யத்திலிருந்து வந்தாலும், தாட்சாயணி காற்றின் திசை பார்த்து ஒருமுறை உதட்டைப் பிரிப்பாள். பள்ளி மறுபக்கம் போய்விடும். இரண்டு ராஜ்யத்து விடுமுறைகளும் தவறாமல் விடப்பட்டன. 1960இல் எல்லை முடிவானபோது, கல்லைத் தமிழிலும் தெலுங்கிலும் மட்டுமே அழைப்பதென்று அதிகாரிகள் கையெழுத்திட்டார்கள். கல் நின்றுவிட்டது. அதற்குள் பிள்ளைகள் எதையும் பார்க்காமலே பதில் சொல்லத் தேறியிருந்ததால், பள்ளியை மூடும் பேச்சும் நின்றது. பெஞ்ச் மட்டும் இன்னும் எழும்புகிறது. அடியில் பெருக்க வசதியாக இருப்பதால் யாரும் அதைத் தடுப்பதில்லை.